சி டிரைவைத் தின்னும் லாக் ஃபைல்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் பக்கமோ திண்டிவனம் தாலுகா ஆபீஸ் பக்கமோ இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கடைக் கம்ப்யூட்டர் காலை வாரும். ஸ்கேன் செய்தது சேவ் ஆகாது. இடம் போதவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். கடைப் பையன் அவசர அவசரமாகப் பழைய ஸ்கேன்களையும், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து இறக்கிய சினிமாவையும் அழிப்பார். இரண்டு ஜிபி கிடைக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் சி டிரைவின் கோடு மறுபடியும் சிவப்பு.

“ஹார்ட் டிஸ்க் போயிடுச்சாண்ணா?”

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு தம்பி. எதுக்கும் ஒரு ஃபார்மட் அடிச்சிடலாம்.”

சர்வீஸ்காரர்கள் கையிலிருக்கும் சர்வரோக நிவாரணி ஃபார்மட். அது அரை நாளைத் தின்னும். பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அரசாங்கக் கடிதங்களுக்கு வேண்டிய வானவில் எழுத்துரு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். டெஸ்க்டாப்பில் கிடந்த வாடிக்கையாளர் கோப்புகள் போனால் போனதுதான். இவ்வளவும் செய்து சில மாதம் கழித்து அதே சிவப்புக் கோடு திரும்பி வரும். டிஸ்க்கை நிரப்பியது சினிமாவும் இல்லை, ஸ்கேனும் இல்லை என்றால் வராமல் என்ன செய்யும்? உள்ளே ஏதோ ஒரு மென்பொருள், யாரும் கேட்காமலேயே, எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அது எழுதுவதற்குப் பெயர்தான் லாக் ஃபைல்.

ஒரு காலத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று இருந்து, இன்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமாக இருப்பதன் பேருந்துகளில் போய்ப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். திண்டிவனத்தில் வண்டி கிளம்பினால், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் கண்டக்டர் டிக்கெட் எண்களை இன்வாய்ஸில் எழுதுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். பயணிக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. வழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால்தான் அதற்கு வேலை வரும். கம்ப்யூட்டரின் லாக் ஃபைலும் அப்படித்தான். ‘இத்தனை மணிக்குத் தொடங்கினேன், இன்ன கோப்பைத் திறந்தேன், பிரிண்டரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை’ என்று நிரல் தன் போக்கில் எழுதிவைக்கும். கோளாறு வரும் நாளில் யாராவது அதைத் திறந்து பார்ப்பார்கள். கண்டக்டருக்கு விழுப்புரம் வந்ததும் டிரிப் முடிந்துவிடும், இன்வாய்ஸும் முடிந்துவிடும். நிரலுக்கு அப்படி ஓர் ஊர் வந்து சேர்வதில்லை.

ஒழுங்கான நிரல்கள் அளவு வைத்துக்கொண்டு எழுதும். விண்டோஸின் ஈவண்ட் லாக்கை எடுத்துக்கொண்டால், அதன் முக்கியப் பதிவேடுகளுக்கு வழக்கமான உச்ச அளவு தலா 20 எம்பி. நிரம்பினால் பழையதன் மேலேயே புதியதை எழுதும். எழுத்து மட்டுமே இருக்கும் கோப்புக்கு 20 எம்பி என்பது தாராளம். சிக்கல் வருவது எல்லை வைக்க மறந்த நிரல்களிடமும், எல்லை வைத்தும் அது வேலை செய்யாமல் போன நிரல்களிடமும்தான். இரண்டாவது வகைக்கு மைக்ரோசாஃப்டே நல்ல உதாரணம். அது தமிழ்நாட்டு வீடுகளுக்கு நெருக்கமானதும்கூட.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகளில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. விண்டோஸ் 7, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. அதை வாங்கிய பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த மடிக்கணினிகளில் சில இன்னமும் தம்பி தங்கைகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் உழைக்கின்றன. விண்டோஸ் 7 தன் அப்டேட் வேலைகளை சிபிஎஸ்.லாக் என்ற கோப்பில் எழுதும். இருக்குமிடம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ். குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் அந்தக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கிவைத்து, கேப் என்ற வகைக் கோப்பாகச் சுருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் சுருக்கும் கருவியால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாது. ஏதோ ஒரு காரணத்தால் லாக் அந்த அளவைத் தாண்டிவிட்டால் சுருக்கும் முயற்சி பாதியில் நிற்கும். பாதி வேலையில் உருவான தற்காலிகக் கோப்பு, சுமார் 100 எம்பி, விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். சற்று நேரம் கழித்து விண்டோஸ் மறுபடி முயலும், மறுபடி தோற்கும், இன்னொரு 100 எம்பி சேரும். டிஸ்க் நிரம்பும்வரை இதுதான் கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டெம்ப் ஃபோல்டரில் இருக்கும் ‘கேப்’ என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழித்தால் கம்ப்யூட்டர் ஒரு நாள் இரண்டு நாள் உயிர்பெறும், பிறகு படுத்துவிடும். குப்பையை அள்ளியாயிற்று, கொட்டுகிறவர் அங்கேயே இருக்கிறாரே! செய்ய வேண்டியது இதுதான். சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ என்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பெரிய சிபிஎஸ் லாக்கை அழித்து, அதன்பின் டெம்ப்பில் கிடக்கும் கேப் கோப்புகளை அழித்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பத்து நிமிஷ வேலை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், அந்த மடிக்கணினிகளை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்களேதான் செலவழித்தாக வேண்டும்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேகத்துக்காக ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியதில் கொள்ளளவு குறைந்திருக்கிறது. இன்று குறைந்த விலை மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது 256 ஜிபி. 2011-ல் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததைவிடக் குறைவு! அந்த 256-ஐயும் விண்டோஸ் தன் கணக்குப்படி 238 என்றுதான் காட்டும்.

விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலுமே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ப்ராஜெக்ட் காலத்தில் மாணவர்கள் தங்கள் மடிக்கணினியில் எக்ஸாம்ப் என்ற சர்வர் தொகுப்பைப் போட்டு பிஎச்பி மொழியில் நிரல் எழுதுவது எங்கும் நடப்பது. டிஸ்க்கை நிரப்ப அங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு கோப்பைத் திறந்து, அது முடியும்வரை வரிவரியாகப் படி என்று நிரல் எழுதுகிறார் ஒருவர். கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. கோப்பு திறக்கவே இல்லை. திறக்காத கோப்புக்கு முடிவு ஏது? பிஎச்பி 7 வரை, இந்த நிலையில் நிரல் நிற்காது. ‘கோப்பு சரியில்லை’ என்ற எச்சரிக்கையை எழுதிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும், திரும்ப எழுதும். பிரவுசர் வழியாக ஓட்டினால் நேர வரம்பு வந்து கழுத்தைப் பிடிக்கும். கமாண்ட் விண்டோவில் ஓடவிட்டால் அந்த வரம்பும் இல்லை. ஒரு வரி 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பத்தாயிரம் வரி என்றாலே நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. இரவு பத்து மணி நேரம் ஓடவிட்டுத் தூங்கி எழுந்தால் 36 ஜிபி போயிருக்கும். அத்தனையும் ஒரே வாக்கியம்.

ஒரு லாக் ஃபைல் பல ஜிபிக்கு வளர்ந்திருக்கிறது என்றால் கம்ப்யூட்டர் நிறைய வேலை செய்திருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே புகாரை லட்சக்கணக்கான முறை சொல்லியிருக்கிறது, கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆகவே அழிப்பதற்கு முன் அதன் கடைசிப் பத்து இருபது வரிகளைப் படித்துவிடுவது புத்திசாலித்தனம். பல ஜிபி கோப்பை நோட்பேடில் திறக்கப் போனால் நோட்பேடே மூச்சுத் திணறும். விண்டோஸின் பவர்ஷெல்லில் கோப்பின் வால்பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும் கட்டளை இருக்கிறது. லினக்ஸில் ‘டெயில்’ போதும். எப்போதோ கழற்றி எறிந்த பிரிண்டரை அதன் மென்பொருள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அந்த வரிகளே சொல்லிவிடலாம். அப்போது அழிக்க வேண்டியது லாக் அல்ல, முதலில் அந்தப் பிரிண்டர் மென்பொருள்.

சரி, எந்தக் கோப்பு வளர்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபோல்டர் ஃபோல்டராக ரைட் கிளிக் செய்து பார்த்தால் விடிந்துவிடும். இதே எரிச்சலில் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. 1990-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் 14 பேர் ஒரே 80 எம்பி ஹார்ட் டிஸ்க்கைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிரம்பிவிட்டது. யார் எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அங்கிருந்த பேராசிரியர் பென் ஷ்னைடர்மன், டிஸ்க் முழுவதையும் ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவுக்கேற்ற கட்டம் ஒதுக்கும் முறையை யோசித்தார். ட்ரீமேப் என்று பெயர் பெற்ற அந்த முறை பின்னாளில் பங்குச்சந்தைப் படங்கள்வரை போனது. இன்று இலவசமாகக் கிடைக்கும் வின்டிர்ஸ்டாட் என்ற மென்பொருள் காட்டும் வண்ணக் கட்டங்களும் அந்த வழி வந்தவைதான். அதை ஓடவிட்டுச் சில நிமிஷம் பொறுத்தால், சி டிரைவின் கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டம் படுத்திருப்பது கண்ணில் படும். எதுவும் நிறுவ விருப்பமில்லாதவர்கள் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் போய்ப் பார்க்கலாம். தற்காலிகக் கோப்புகளை அங்கேயே டிக் செய்து அழிக்கலாம். ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதியை ஆன் செய்து வைத்தால் ஓரளவு அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் மூன்றாம் நபர் மென்பொருள்கள் ப்ரோக்ராம்டேட்டா, ஆப்டேட்டா ஃபோல்டர்களில் ஒளித்துவைக்கும் லாக்குகளை அது தொடாது. இரண்டும் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர்கள் என்பதால் கடைப் பையன் கண்ணில் அவை படுவதும் இல்லை. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அதன் லாக் ஃபோல்டர் அங்கே அநாதையாகக் கிடப்பதுண்டு. அதை அழிப்பதில் ஆபத்து குறைவு.

‘இந்த இடத்தையெல்லாம் கிளீன் செய்து தருகிறோம்’ என்று வரும் இலவச மென்பொருள்கள் வேறு இருக்கின்றன. 2017-ல் சிகிளீனர் என்ற புகழ்பெற்ற கிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே விஷமிகள் தங்கள் நிரலைச் சொருகிவிட்டார்கள். அந்தப் பதிப்பு சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போயிருந்தது. விண்டோஸே செய்யும் வேலைக்கு இன்னொருவரை வீட்டுக்குள் விடுவானேன்?

டிஸ்க் நிரம்புவது சின்னக் கடைகளின் தலைவலி மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, தன் 18-வது செவ்வாய் நாளில், ஜனவரி 21 அன்று, திடீரென்று சரியாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. அதிலிருந்த ஃபிளாஷ் நினைவகம் 256 எம்பி. பூமியிலிருந்து கிளம்பிய ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகள் அழிக்கப்படாமல் அதிலேயே கிடந்தன. இறங்கிய பின் எடுத்தவையும் சேர்ந்துகொண்டன. அத்தனைக் கோப்புகளின் பட்டியலைத் தூக்கி வைக்கவே ஊர்தியின் தற்காலிக நினைவகம் போதவில்லை. போதாததால் ரீபூட், எழுந்ததும் திரும்ப அதே பட்டியல், திரும்ப ரீபூட் என்று அறுபது தடவைக்கு மேல் விழுந்து எழுந்தது. இரவில் தூங்கவும் முடியாமல் பேட்டரி கரைந்தது. ஃபிளாஷைத் தொடாமலேயே எழுந்திரு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, தேவையற்ற கோப்புகளை அழித்து, பிறகு ஃபிளாஷையே ஃபார்மட் செய்தார்கள் பொறியாளர்கள். ஃபார்மட் நியாயமாகத் தேவைப்பட்ட இடம் அது. அதன்பின் ஸ்பிரிட் 2010 மார்ச்வரை உழைத்தது.

ஜப்பானில் நடந்தது இன்னும் நாசூக்கானது. 2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டாவின் 14 ஜப்பானியத் தொழிற்சாலைகளும் நின்றன. சைபர் தாக்குதலா என்று உலகமே கேட்டது. இல்லை. இரண்டு நாள் முன்பு உதிரிபாக ஆர்டர்களைக் கவனிக்கும் சர்வர்களில் பராமரிப்பு வேலை நடந்தது. தரவுத்தளத்தில் குவிந்திருந்ததை அழித்து ஒழுங்குபடுத்தும் அந்த வேலையின்போதே டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோனது. மாற்று சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கூடவே விழுந்தது. சுத்தம் செய்யக்கூடக் கொஞ்சம் காலி இடம் வேண்டும் என்பதை அன்று கார் உலகம் தெரிந்துகொண்டது. கோடு சிவப்பாகும்வரை காத்திருக்கக் கூடாது என்று சர்வீஸ்காரர்களும் இதற்காகத்தான் சொல்கிறார்கள்.

லாக் எழுதுவது இடத்தை மட்டுமல்ல, டிஸ்க்கின் ஆயுளையும் தின்னும். ஃபிளாஷ் நினைவகத்தில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. டெஸ்லா 2021 பிப்ரவரியில் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், நடுத்திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி ஃபிளாஷ் தேய்ந்துபோனது. ஓயாமல் எழுதப்படும் லாக்குகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று, அந்தக் கார்களைப் பிரித்துப் பழுதுபார்த்தவர்கள் 2019-லேயே சொல்லியிருந்தார்கள்.

இனி அழிக்கக் கூடாதவை. லாக் என்று பெயர் இருந்தாலே குப்பை என்று முடிவுகட்டி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். பல கடைகளின் பில்லிங் மென்பொருளுக்கு அடியில் எஸ்க்யூஎல் சர்வர் ஓடுகிறது. அதன் ‘எல்டிஎஃப்’ கோப்பு டிரான்ஸாக்‌ஷன் லாக் எனப்படும். அது பெரிதாக இருக்கிறதே என்று அழித்தால் அடுத்த நாள் பில் போட முடியாது. முறைப்படி லாக் பேக்கப் எடுத்தால் உள்ளே இடம் காலியாகும். அதன் பிறகு சுருக்கலாம். எக்ஸாம்ப்பில் இருக்கும் தரவுத்தளத்தின் ‘ஐபி லாக்ஃபைல்’ கோப்புகளும் இப்படித்தான். மின்சாரம் போய் தரவுத்தளம் பாதியில் நின்றால் விட்ட இடத்தைப் பிடிக்க உதவுவது அவைதான். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் முந்தின நாள் மாணவர்கள் இதில் கை வைக்காமல் இருப்பது உத்தமம்.

சட்டமும் சிலவற்றைக் காக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் முடியாது. டேலி பயன்படுத்துகிறவர்கள் எடிட் லாக் என்று சொல்வது இதைத்தான். அது தனிக் கோப்பாகக் கிடக்காமல் கணக்குத் தரவோடு சேர்ந்தே இருப்பதால் தவறி அழியும் ஆபத்து குறைவு. சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவு இருக்கிறது. கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அங்கெல்லாம் இடம் போதாவிட்டால் பழைய லாக்குகளைச் சுருக்கி வேறொரு டிஸ்க்குக்கு மாற்றலாமே தவிர, அந்த 180 நாளுக்குள் அழிக்கும் பேச்சுக்கு இடமில்லை.

லினக்ஸ் பக்கம் நிலைமை கொஞ்சம் ஒழுங்கு. லாக்ரொட்டேட் என்ற கருவி, உபுண்டு போன்றவற்றில் வழக்கமாக, வாரம் ஒருமுறை லாக்கைப் புரட்டிவிட்டு நான்கு பழையதை மட்டும் வைத்துக்கொள்ளும். அங்குள்ள இன்னொரு பதிவேடான சிஸ்டம்டி ஜர்னல், டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டாது. ஆனால் புதியவர்களைத் திகைக்கவைக்கும் விஷயம் ஒன்று அங்கே உண்டு. பெரிய லாக்கை அழித்துவிட்டு, காலி இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஒரு எம்பிகூடக் கூடியிருக்காது. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அந்தக் கோப்பைக் கையில் பிடித்திருக்கும்வரை, பெயர் மறைந்தாலும் இடம் திரும்பாது. நிரலை நிறுத்தித் தொடங்கினால் மொத்தமும் ஒரே நொடியில் வந்துவிடும். நிறுத்த முடியாத சர்வர் என்றால், கோப்பை அழிப்பதற்குப் பதிலாக அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்வார்கள்.

லாக்கில் என்ன பிழை என்று புரியாதபோது கோப்பை அப்படியே வாட்ஸாப்பில் சர்வீஸ்காரருக்கு அனுப்பிவிடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அதில் பயனர் பெயர், வாடிக்கையாளர் மொபைல் எண், சில சமயம் கடவுச்சொல்லே இருக்கலாம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது, அவை மறைக்கப்படாமல் உள் லாக் ஒன்றில் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்ததால்தான். அனுப்ப வேண்டியது பிழை எண் இருக்கும் நான்கைந்து வரிகள் மட்டுமே. அதிலும் பெயரும் எண்ணும் இருந்தால் நீக்கிவிட்டு அனுப்பலாம். சர்வீஸ்காரருக்கு அது போதும்.